இருபத்துநாலு குழிகள்

என் ஒரே மகள் பதினோரு நாள்தான் இருந்தாள். நெய்வேலியில் எங்கள் பிளாக்குக்குப் பின்னால் இருந்த பொட்டலில், மரம் வைப்பதற்காகத் தோண்டியிருந்த இருபத்துநாலு குழிகளில் ஒன்றில் அவளை வைத்தார்கள். எந்தக் குழி என்று எனக்குச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று ஆண்கள் பேசி முடிவு செய்துகொண்டு சொல்லாமல் இருந்தார்கள். அந்தக் கோபம் பல வருஷம் எனக்குள் கிடந்து புகைந்தது. இப்போது கோபம் போய்விட்டது. ஏக்கம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

நான் நெய்வேலிக்கு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமாகி ஆறாம் மாதம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் வளர்ந்தவளுக்கு அந்தச் செம்மண் முதல் நாளே பிடிக்காமல் போய்விட்டது. வெள்ளைத் துணி என்று ஒன்றைக் கொடியில் போட முடியாது, ஒரு மணி நேரத்தில் காவித் துணியாகிவிடும். குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. வாசல், ஜன்னல், கொல்லைக் கதவு எல்லாமே ஒரே மாதிரி. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்த அசதியில் என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்குள் போய் "காப்பி கொண்டா" என்று உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. காப்பியைக் கொடுத்து, அவர் குடித்து முடித்த பிறகுதான் "உங்க வீடு அடுத்ததுங்க" என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் அவர் மானத்தை வாங்கினேன்.

வீடுகளுக்குப் பின்னால் நீளமாக ஒரு பொட்டல். எல்லாருக்கும் பொது என்று பிளானில் விட்டிருந்த இடம். முந்திரிக் காட்டை மட்டமாக வழித்துவிட்டுப் போயிருந்தார்கள், மருந்துக்குக்கூட ஒரு மரம் கிடையாது. ஆடிக் காற்று அடித்தால் பொட்டலில் கிடக்கிற புழுதி முழுக்க எங்கள் சோற்றுப் பானைக்குத்தான் வரும். கம்பெனி ஒரு நாள் பூங்கா போடும் என்றார்கள். அது வருகிறபோது வரட்டும், நாமே மரம் வைப்போம் என்று கிளம்பியதுதான் ஞாயிற்றுக்கிழமை கோஷ்டி.

அதற்குச் சங்கம் என்று பெயரில்லை, ரசீதுப் புத்தகம் இல்லை. பிளாக்கில் அன்றைக்கு லீவில் இருக்கிற ஆண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வருவார்கள். ஆள் ஷிப்டுக்குப் போயிருக்கிற வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். புதுக் குடும்பம் வந்தால் சாமான் இறக்குவார்கள், ரேஷனுக்கு வரிசையில் நிற்பார்கள். தலைவர் மாதிரி இருந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து போர்மேன் ஒருவர். குடும்பம் ஊரில், இவர் இங்கே தனியாக. பெரிய உடம்பு, சின்னக் குரல். எந்தப் பெண்ணாக இருந்தாலும் "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார்.

என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். எனக்கு எரிச்சலான எரிச்சல். வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அதையும் ஊருக்குத் தாரை வார்த்தால் என்னோடு உட்கார்ந்து பேசுவதற்கு யார்? "பொட்டலையே கட்டியிருக்கலாமே, என்னை எதுக்குக் கட்டினீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்போது நான் முழுகாமல் இருந்தேன்.

புரட்டாசியில் குழி தோண்டினார்கள். இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. அத்தனை பேரும் நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டுகிறவர்கள், அல்லது வெட்டின மண்ணைப் பெல்ட்டில் ஏற்றி அனுப்புகிறவர்கள். அவர்களுக்குக் குழி என்றால் குழிதான், அரைகுறை தெரியாது. கயிறு பிடித்து, பக்கச் சுவர் கொத்தனார் கட்டின மாதிரி நேராக, மார்பளவு ஆழத்துக்கு வெட்டிவிட்டார்கள். எங்கள் எதிர் வீட்டு அக்காவுக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி. நெல்லும் உளுந்தும் போடுகிற குடும்பத்திலிருந்து வந்தவள். குழியைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.

"இன்னாண்ணே இது, செடி வெக்கப் போறீங்களா, கரி எடுக்கப் போறீங்களா?"

"ஆழமாப் போனாத்தானுங்க அம்மிணி, வேர் நல்லாப் புடிக்கும்" என்றார் போர்மேன்.

"அடியில களிமண்ணு தெரியுது பாருங்க. மழ பேஞ்சா தண்ணி நின்னுகினு வேரு அழுவிப் பூடும். வேப்பங்கன்னுக்கு ஒரு மொழம் பள்ளம் பத்தாதா?"

யார் கேட்டார்கள்? பாதி மண்ணைத் தள்ளி, அதன் மேல் கன்றை வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டார்கள். கன்றுகள் டின்களில் தயாராக இருந்தன. இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை நடுவதாக ஏற்பாடு.

எனக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்து அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், ரயிலுக்கு நாள்கூடப் பார்த்தாகிவிட்டது. பிள்ளை அவசரப்பட்டுவிட்டது. எட்டாம் மாதம் முடிவதற்குள் வலி கண்டுவிட்டது. வீட்டுக்காரர் ஷிப்டில் இருந்தார். கோஷ்டிக்காரர்கள்தான் வழியில் போன ஒரு லாரியை மறித்து, பாய் தலையணை போட்டு என்னை ஏற்றினார்கள். எதிர் வீட்டு அக்கா என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு டிரைவரை வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். "பள்ளத்துல உடாதய்யா, புள்ளத்தாச்சி!" பெண் பிறந்தாள். இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடுவாள். அழுகை மட்டும் பெரிதாக இருந்தது. என்னைப் போலவே வாய் என்று அக்கா சொன்னாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு நாள் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு பால் குடிப்பதை நிறுத்தினாள். மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், பார்த்தார்கள், செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, என் மடியிலேயே போய்விட்டாள். பெயர்கூட வைக்கவில்லை. பதினாறாம் நாள் வைக்கலாம் என்றிருந்தோம். அம்மாவுக்குத் தந்தி கொடுத்தாலும் வந்து சேர இரண்டு நாள் ஆகும்.

பால் மணம் மாறாத பிள்ளையை எரிக்கமாட்டார்கள், புதைப்பார்கள். ஆனால் எங்கே? அந்த ஊரில் எல்லாருமே வயசுப் பிள்ளைகள், எல்லாரும் வந்து ஒன்றிரண்டு வருஷம். எங்கள் பிளாக்கில் அதுவரை ஒரு சாவு விழுந்ததில்லை. மயானம் எந்தப் பக்கம் என்று விசாரித்தால் ஒருத்தர் கிழக்கு என்றார், ஒருத்தர் அது எங்களுக்கு இல்லை, பழைய கிராமத்தாருக்கு என்றார். பொட்டலில் கன்று நட வந்த ஆண்கள் அப்படியே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து போர்மேன் என் வீட்டுக்காரரிடம் மெல்லிய குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

"தம்பி, குழி இருக்குது. நம்ம கையால வெட்டினது. நம்ம கண்ணு முன்னாலயே இருக்கட்டுமுங்க."

போர்மேனும் என் வீட்டுக்காரரும் மட்டும் பொட்டலுக்குள் போனார்கள். மற்றவர்கள் ரோட்டோரமாக நின்றுகொண்டார்கள். நான் எழுந்து பின்னால் ஓடப் பார்த்தேன். அக்கா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் தங்கச்சி. பெத்தவ அந்த எடத்தப் பாக்கக் கூடாது. பாத்தா அங்கியே குந்திகினு கெடப்ப. அப்பால ஒனக்கு வூடும் கெடயாது, வாசலும் கெடயாது."

அவள் கையைக் கடித்தேன். அவள் விடவில்லை. அந்தத் தழும்பு ரொம்ப நாள் இருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் இருபத்துநாலு குழியையும் மூடி, இருபத்துநாலு கன்றையும் நட்டுவிட்டார்கள். வழக்கமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதில் பாதிகூட முடியாது. எனக்கு அடையாளம் தெரியக் கூடாது என்றுதான் அவ்வளவு வேகம். தீட்டுக் கழிந்து நான் வெளியே வந்து பார்த்தபோது எல்லாம் ஒரே உயரம், எல்லாவற்றையும் சுற்றி ஒரே மாதிரி முள் வேலி.

"எது?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒண்ணுதான். உள்ள வா" என்றார் என் வீட்டுக்காரர்.

"எல்லாம் ஒண்ணுன்னு சொல்றதுக்கு நீங்க பத்து மாசம் சுமக்கல."

"நீயும்தான் பத்து மாசம் சுமக்கல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் ஒரு மாதம் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் குடத்தை எடுத்துக்கொண்டு பொட்டலுக்குப் போனேன். அதுவரை கோஷ்டியில் ஒரு பெண்கூடக் கிடையாது. ஆண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். போர்மேன் மட்டும் ஒரு தகரக் குவளையைக் கொண்டுவந்து நீட்டினார். "குடத்தோட சாய்க்காதீங்க அம்மிணி, மண்ணு கரைஞ்சிரும். இதுல ஊத்துங்க." சுரங்கத்திலிருந்து இரவு பகலாக இறைத்து வெளியே விடுகிற தண்ணீர், பொட்டலின் ஓரத்தில் ஒரு வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கும். அதில் மொண்டு, முதல் கன்றில் ஆரம்பித்து இருபத்துநாலாவது வரைக்கும் ஊற்றினேன். ஏதோ ஒன்றில் அவள் குடிக்கட்டும் என்றுதான். ஒன்றுக்குக் குறைத்து ஒன்றுக்குக் கூட்டிவிட்டால், குறைத்தது அவளுடையதாக இருந்துவிடுமோ என்று பயம். அதனால் குவளையைத் தளும்பத் தளும்ப ஒரே அளவாகத்தான் ஊற்றுவேன்.

நான் போக ஆரம்பித்ததும் அக்கா வந்தாள், பிறகு காப்பி கொடுத்த அந்தப் பக்கத்து வீட்டம்மா வந்தாள், பிறகு பிளாக்கில் பாதிப் பெண்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் எல்லாம் மரத்துக்காக வந்தார்கள். நான் வேவு பார்க்கப் போனேன், ஒளிப்பானேன்? யார் எந்தக் கன்றருகில் செருப்பைக் கழற்றுகிறார், யார் எதைச் சுற்றி ஒதுங்கி நடக்கிறார் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் ஒரு கன்றுக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் குனிந்தபடி இருந்தார். விழுந்தடித்து ஓடினேன். மனிதர் காலில் குத்தின முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அக்கா சொன்னது சொன்னபடி நடந்தது. களிமண்ணில் தண்ணீர் நின்றது, கன்றுகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. மழைக்கு முன்னால் நாங்கள் ஊற்றினதும் கொஞ்சநஞ்சமில்லை. சுரங்கத்தில் முந்தின ஷிப்டுக்காரன் "பார்த்துட்டேன்" என்று சொன்னால் நம்பக் கூடாது, நாமே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் பழக்கம். அதையே இங்கேயும் செய்தார்கள். காலை ஷிப்ட் விட்டு வந்தவர் ஊற்றுவார், அடுத்த ஷிப்டுக்காரரும் எதற்கும் இருக்கட்டும் என்று ஊற்றுவார், நைட் ஷிப்ட் முடித்தவரும் விடியற்காலையில் ஊற்றிவிட்டுத்தான் படுக்கப் போவார். அதற்கு மேல் நான். கார்த்திகைக்குள் இருபத்துநாலும் போய்விட்டன. எல்லாரும் குழியைக் குறை சொன்னார்கள். என் குவளைதான் கொன்றது என்று எனக்குத் தோன்றியது. பிள்ளையையும் காப்பாற்றத் தெரியவில்லை, அவள் மேல் வைத்த செடியையும் காப்பாற்றத் தெரியவில்லை என்று அக்கா மடியில் விழுந்து அழுதேன்.

தை பிறந்ததும் புதுக் கன்று வந்தது. பழைய குழிகளைத் தோண்டி, களிமண்ணை எடுத்துப் போட்டு, மணலும் எருவும் நிரப்பி மறுபடி நடுவது என்று பேசினார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு கணக்கு ஓடியது. இருபத்துமூன்று குழியைத் தோண்டுவார்கள். ஒன்றைத் தொடமாட்டார்கள். அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகத் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். ரயிலில் வருகிற ஆளைக் கூப்பிடப் போகிற மாதிரி அப்படி ஒரு படபடப்பு. பொட்டல் ஓரத்தில் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஆண்கள் கடப்பாரையோடு வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். என் சேலையைப் பார்த்தார்கள். ஒருத்தரும் முதல் குழியில் கடப்பாரையைப் போடவில்லை. எல்லாரும் போர்மேனையே பார்த்தார்கள்.

"கயிறு கொண்டாங்க" என்றார் கடைசியில். "வரிசையை ரெண்டு தப்படி தள்ளிப் போட்டுக்கலாம். பழைய குழி எதையும் தொட வேண்டாமுங்க."

"தள்ளிப் போட்டா ரோட்டுக்கு நேரா வராதே சார்" என்றார் ஒருவர்.

"வராட்டிப் போகுது."

நான் எழுந்து ஓடினேன். நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்கவில்லை. "ஏன் இப்படிப் பண்றீங்க? நான் என்ன பாவம் பண்ணினேன்? ஒரு தடவை காட்டுங்க, தொட்டுட்டுப் போயிடுறேன். நான் பெத்ததுங்க அது!" என்று கத்தினேன். கூட இருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். போர்மேன் மட்டும் என் எதிரே நின்றார்.

"அம்மிணி, இப்ப அது இத்தன பேரும் பாத்துக்கற புள்ளையுங்க. எடம் தெரிஞ்சுதுன்னா உங்களுக்கு மட்டும்னு ஆயிரும். தனியா உங்களால தாங்க முடியாதுங்க."

அவருக்கு என்ன தெரியும் என் தாங்கலைப் பற்றி? வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன், இங்கே எழுத முடியாது. அவர் அத்தனையையும் வாங்கிக்கொண்டார். பிறகு கயிற்றைப் பிடித்து, ஒரு முழப் பள்ளமாகத் தோண்ட ஆரம்பித்தார். மரங்கள் அப்படித்தான் ரோட்டுக்குக் கோணலாக அமைந்தன. பழைய இடங்கள் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில், வெறும் தரையாக நின்றுவிட்டன.

மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. நாலாவது வாரம் இருப்புக் கொள்ளவில்லை, போனேன். கன்றுக்கு ஒரு குவளை ஊற்றினேன், கையோடு பக்கத்து வெற்றுத் தரைக்கும் ஒரு குவளை ஊற்றினேன். அக்கா பார்த்தாள். அவளும் கன்றுக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று ஊற்றிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த வாரம் எல்லாருமே அப்படிச் செய்தார்கள். பிற்பாடு பிளாக்குக்குப் புதிதாக வந்தவர்களும், எதற்கென்று தெரியாமலே, மரத்துக்கு ஒன்று தரைக்கு ஒன்று என்றுதான் ஊற்றினார்கள். கேட்டால் இங்கே அதுதான் வழக்கம் என்று சொன்னார்களாம். அந்த வெற்றுத் தரைகளில் அறுகு மண்டி மெத்தென்று கிடந்தது.

எனக்கு அப்புறம் இரண்டு பையன்கள் பிறந்தார்கள். இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது போர்மேன் வேலை முடிந்து சொந்த ஊருக்குப் போய்விட்டார். போகும்போது என் வீட்டு வாசலில் வந்து கொஞ்ச நேரம் நின்றாராம். நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பாரோ என்று எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அறுபதுகள் முடிகிற சமயம், அவர் மகன் எழுதின கார்டு வந்தது. ஓரத்தில் கறுப்பு மை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கொல்லைப் படியில் உட்கார்ந்து பொட்டலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டல் என்றா சொன்னேன்? அதற்குள் தோப்பாகியிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னங்க, அவரும் போயிட்டாரு. இனிமே உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். நானும் கேக்க மாட்டேன் கேக்க மாட்டேன்னு இருந்தேன். சொல்லிடுங்க."

அவர் தோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றார்.

"பொய் சொல்லாதீங்க. நீங்களும்தானே உள்ள போனீங்க."

"போனேன். குழிகிட்டப் போனதும் என்னால முடியல. அவர்தான் என் கையிலருந்து வாங்கிட்டாரு. நான் ரோட்டப் பாத்துத் திரும்பி நின்னுட்டேன். மண்ணு விழுற சத்தம் கேட்டுச்சு. எந்தப் பக்கம்னுகூட நெதானமில்ல. திரும்பிப் பாக்கும்போது நாலஞ்சு குழி மூடிக் கெடந்துச்சு, அது எதெதுன்னும் மனசுல நிக்கல."

"அவர்கிட்டக் கேக்கலாம்ல?"

"தகப்பனாயிருந்துட்டு முகத்தத் திருப்பிக்கிட்டவன், எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்க?"

"இத்தன வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல? எத்தன சண்ட போட்டேன்!"

"எனக்குத் தெரியும்னு நெனச்சுத்தான எங்கூடச் சண்ட போட்ட. எனக்கும் தெரியாதுன்னா நீ யார்கிட்டப் போயிருப்ப?"

சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ரொம்பத் தயங்கி, சின்னப் பிள்ளை தின்பண்டம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"நீதான் வாராவாரம் பாத்துக்கிட்டே இருந்தியே. ஒனக்கு எதாச்சும் தெரிஞ்சுதா?"

நான் அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். தோப்புக்குள் கூட்டிக்கொண்டு போனேன். முதல் வரிசையில் எட்டாவது மரத்தைத் தாண்டியதும் நின்று, புல்லைக் காட்டினேன்.

"இதுதாங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

அவர் அப்படியே உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் புல்லில் பதித்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்கப்புறம் ஷிப்ட் முடிந்து வருகிற ஒவ்வொரு நாளும் அந்த வழியாகத்தான் வருவார். அங்கே வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். கடைசிவரை அவரிடம் உண்மையை நான் சொல்லவில்லை. அவருக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் இருபத்துநாலு.